பெயர் சொல்லக் கூடாத மூன்று மாடுகள்

என் புருஷன் லுஹெண்டேவின் இரண்டு கைகளிலும் முள் கீறியிருந்தது.

வயலில் காய்ந்து நிற்கும் பருத்திமார் பிடுங்கும்போது கிழித்துவிட்டது என்றார். பருத்திமார் குத்தும், கிழிக்காது. அறுப்பு முடிந்து வருஷா வருஷம் அதைப் பிடுங்குகிறவள் நான். இவர் கையில் இருந்தவை முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நீள நீளமாக இழுத்த கோடுகள். வெட்டிய வேலமுள் கிளையை நெஞ்சோடு அணைத்துத் தூக்குகிறவன் கையில்தான் அப்படி விழும்.

கேட்க வாயெடுத்தேன். அதற்குள் காட்டுப் பக்கமிருந்து விசில் அடித்தது.

எங்கள் ஊர் இபங்காவில் விசில் கேட்டால் அடுப்பில் என்ன இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஓட வேண்டும். சுங்குசுங்கு என்று எங்கள் ஊர்க்காவல் படைக்குப் பெயர். வில்லும் அம்பும் தோளில், விசில் கழுத்தில். நானும் அதில் ஒருத்தி. வில் எனக்கு வராது. காட்டுக்குள் தொங்கும் தேனீப் பெட்டிகள் எங்கள் பெண்கள் குழுவினுடையவை, அவற்றைக் காக்கும் பொறுப்பு என்னுடையது.

களியை அப்படியே விட்டு ஓடினேன். ஓடும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். என் புருஷன் விசில் கேட்டும் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே கைகளை மடித்து அக்குளுக்குள் ஒளித்துக்கொண்டிருந்தார்.

அடைப்புக்காடு ஊருக்கு நடுவில் இருக்கிறது. அதற்குக் கிழக்கே எங்கள் குடியிருப்பு, மேற்கே இன்னொன்று. என் அம்மா காலத்தில் அங்கே நின்றால் அடிவானம் வரை ஒரு மரம் கிடையாதாம். ஊர் கூடி வேலி அடைத்து, மழைக்காலம் முழுக்க ஒரு கால்நடையையும் உள்ளே விடாமல் காத்த பிறகுதான், மண்ணுக்குள் சாகாமல் கிடந்த அடிக்கட்டைகள் ஒவ்வொன்றாகத் துளிர்த்து மேலே வந்தன. இன்றைக்கு எங்கள் விறகு, கூரைப்புல், தேன், கோடையில் மாட்டுக்குத் தீனி எல்லாம் அதற்குள்தான். காடு திறக்கும் நாள் வரை ஒரு மாடும் உள்ளே போகக் கூடாது. திறந்த பிறகும் ஒரு வீட்டுக்குப் பத்து மாடு, அதற்கு மேல் ஒரு குளம்பு கூடாது. இந்தப் பத்து மாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்ததே எங்கள் காவல் படைத் தளபதி மடுஹுதான்.

விசிலடித்தவன் ஷிஜா. எங்கள் கிழக்குக் குடியிருப்புப் பையன், கல்யாணமாகி ஒரு வருஷம், வாய் மட்டும் நாலு பேருக்கு இருக்கும்.

"வாக்கா, வந்து பாரு. கல்யாண ஊர்வலமே போயிருக்கு" என்றான்.

துளிர்ச் செடிகள் மிதிபட்டுக் கிடந்தன. போன மழையில்தான் என் இடுப்புயரம் வந்தவை. ஒரு தேனீப் பெட்டி கீழே விழுந்து மூடி திறந்து கிடந்தது. தேனீக்கள் கோபமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. தரையில் மாட்டுக் குளம்புகள். மூன்று மாடுகள். கிழக்கு வேலியிலிருந்து நேராக மேற்கே போய், பிறகு திரும்பி வந்திருந்தன.

ஷிஜா வேலியைக் காட்டினான். திருகுகள்ளி வேலியில் ஓர் இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டையை யாரோ பச்சை வேலமுள் கிளைகளால் அடைத்திருந்தார்கள். வெட்டிய இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"மாடு விட்டவன் வேலிய ஏன்க்கா அடைக்கணும்? திருட வந்தவன் வீட்டைக் கூட்டிப் பெருக்கிட்டுப் போன மாதிரி இருக்கு."

என் காலடியில் ஒரு குளம்புத் தடம். முன்னங்கால், உள்பக்கம் பிளந்து கோணலாகப் பதிந்திருந்தது. அந்தக் குளம்பை எனக்குத் தெரியும். அது என் வீட்டுப் பட்டியில் கட்டியிருக்கிறது.

யோசிக்காமல் அதன் மேல் என் காலை வைத்தேன். நிமிர்ந்தபோது ஷிஜா என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

*

அந்த மூன்று மாடுகளும் பருத்தி வெடிக்கும் சமயத்தில் எங்கள் பட்டிக்கு வந்தவை. ஒரு நாள் பொழுது சாயும்போது லுஹெண்டே அவற்றை ஓட்டிக்கொண்டு வந்தார். யாருடையவை என்று நான் கேட்கவில்லை. எங்களில் யாரும் கேட்க மாட்டார்கள். தன் மாட்டை இன்னொருவன் பட்டியில் காவலுக்கு விடுவது எங்கள் வழக்கம். நோய் வந்தால் எல்லாம் ஒரே இடத்தில் சாகாது, திருடன் வந்தால் எல்லாம் ஒரே ராத்திரியில் போகாது. விட்டவன் பெயரை வைத்திருப்பவன் சொல்லக் கூடாது. பார்த்துத் தெரிந்துகொண்டவனும் சொல்லக் கூடாது. சொன்னவன் பட்டிக்கு அப்புறம் யாரும் ஒரு கன்றுக்குட்டியைக்கூட விட மாட்டார்கள்.

எல்லாம் சரி. ஆனால் கிணற்றடியில் பெண்கள் சும்மா இருப்பார்களா?

மேற்குக் குடியிருப்பில் மின்சா என்று ஒருத்தி. புருஷன் இறந்து மூன்று மழை ஆகிறது. நிமிர்ந்த நடை, நல்ல பல்வரிசை. அவள் அப்பா வீட்டுப் பக்கம் என் புருஷனைப் பார்த்ததாக இரண்டு பேர் என் காதுபடச் சொன்னார்கள். ஒருத்தி இன்னும் தாராளமாக, "மாடு முன்னால வந்தாச்சு, மாட்டுக்காரி பின்னால வருவா" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். நான் சிரித்தேன். அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் குடம் தளும்பிக்கொண்டே வந்தது.

காட்டிலிருந்து திரும்பியதும் நேராகப் பட்டிக்குப் போனேன். நெற்றியில் வெள்ளைத் திட்டுள்ள சிவப்புப் பசு. முன்னங்காலைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் பிளந்த குளம்பு.

இன்னொன்றும் பார்த்தேன். அதன் மடி வற்றிக் கிடந்தது. காலையில் அதே மடி கல் மாதிரி இறுகி, பசு காலை அகட்டி நின்றதை நானே பார்த்திருந்தேன். நான் கறக்கவில்லை. காவலுக்கு விட்ட மாட்டின் பால் எங்களுக்கு உரியதுதான், ஆனால் இந்தப் பசு கையை அருகே விடாது, உதைக்கும். அப்படியென்றால் நடுவில் யார் குடித்தது?

கன்றுதான். இந்தப் பசு எங்கள் பட்டிக்குக் கன்று இல்லாமல் வந்தது. அந்தக் கன்று காட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.

லுஹெண்டே வாசலில் கோடரிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். போய் முன்னால் நின்றேன்.

"மாடு காட்டுக்குள்ள போயிருக்கு. உங்களுக்குத் தெரியும்."

செதுக்குவதை நிறுத்தவில்லை.

"யாரு மாடு அது?"

"வச்சிருக்கச் சொன்னாங்க, வச்சிருக்கேன்."

"ஆம்பளையா, பொம்பளையா சொன்னது?"

அப்போதுதான் தலைநிமிர்ந்தார். அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குப் புரியவில்லையா, அல்லது புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பதினாறு வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டிருக்கிறோம். அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை.

"காடு திறக்கற வரைக்கும் பொறுத்துக்கோ. அப்புறம் போயிடும்" என்று மட்டும் சொன்னார்.

எது போய்விடும்? மாடா, நானா?

*

மறுநாள் தேனீப் பெட்டிகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் காட்டைக் குறுக்கே கடந்து மேற்கு வேலிக்குப் போனேன். மாட்டுத் தடம் எங்கே முடிகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

கள்ளி வேலி அங்கே அடியில் மெலிந்திருந்தது. உள்பக்கம் பசு படுத்து நசுக்கிய புல். வெளிப்பக்கம் சின்னச் சின்னக் குளம்புகள், முட்டி முட்டி மண் குழைந்து கிடந்தது. அம்மா இந்தப் பக்கம், பிள்ளை அந்தப் பக்கம், நடுவில் வேலி. பால் குடித்தது அங்கேதான். சற்றுத் தள்ளி ஐந்தாறு கன்றுகள் மேய்ந்துகொண்டிருந்தன. மேற்குக் குடியிருப்பின் கன்றுகள் எல்லாமே அங்கேதான் மேயும். எந்த வீட்டுக் கன்று என்று எனக்கு எப்படித் தெரியும்?

வேலிக்கு மிக அருகில் இருந்த வீடு மின்சாவின் அப்பா வீடு.

மின்சா வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, முழங்காலை மடக்கி முறையாக வணக்கம் சொன்னாள். உட்காரச் சொல்லி, அவித்த வற்றல் கிழங்கும் நிலக்கடலையும் வைத்தாள். இவ்வளவு மரியாதை எதற்கு என்று எனக்கு உடனே பட்டது. ஊர்க்கதை, பருத்தி விலை, மழை எல்லாம் பேசினோம். கிளம்பும்போது அவள் கேட்டாள்:

"பட்டியில மாடெல்லாம் சௌக்கியமாக்கா?"

எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். ஆனால் கேட்டுவிட்டு அவள் குனிந்து முறத்தைத் தட்டினாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

"சௌக்கியம்" என்றேன். "சிலது ராத்தூக்கம் இல்லாம கத்துது. பிள்ளைய விட்டுட்டு வந்திருக்கும் போல."

முறம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி தட்டத் தொடங்கியது.

*

ஷிஜா காத்திருந்து பிடித்தான். உச்சி வெயில் நேரம், மேய்ப்பவர்கள் கண்ணயரும் வேளை. விசில் ஒன்று அடித்தது, பிறகு இரண்டு, பிறகு நாலு பக்கமிருந்தும். நான் போய்ச் சேர்ந்தபோது மூன்று மாடுகளும் துளிர்க் காட்டுக்குள் நின்றன. நடுவில் என் புருஷன், கையில் குச்சியோடு. அவற்றை வெளியே திருப்பத்தான் உள்ளே ஓடியிருக்கிறார். பார்ப்பவர்களுக்கு அவர் மேய்த்துக்கொண்டிருந்த மாதிரிதான் தெரியும்.

ஷிஜா அவரிடம் வில்லைக் காட்டவில்லை. "வாங்கண்ணே" என்று மட்டும் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை புளியமரத்தடியில் ஊர்க்கூட்டம். மேற்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் எல்லா வீட்டு ஆட்களும் வந்திருந்தார்கள். தளபதி மடுஹு நடுவில், தன் மடக்கு நாற்காலியில். கனத்த ஆள், கனத்த குரல். காட்டுக்காக உயிரை விடுவான் என்று வெளியூர் அதிகாரிகள்வரை பெயர் வாங்கியவர். விறகு வெட்டியவன் சொந்த அண்ணன் மகன் என்று தெரிந்தும் விலக்கி வைத்தவர். மின்சா பெண்கள் பக்கம் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். ஊர்விலக்கு என்றால் பேச்சு நின்றுபோவது மட்டுமில்லை. அடுப்பு அணைந்தால் ஒருவரும் நெருப்புத் தர மாட்டார்கள். கிணற்றில் என் குடத்துக்கு முறை வராது. காட்டில் பங்கு கிடையாது, தேனீப் பெட்டிகள் கைமாறும். கோடை முழுக்க எங்கள் சொந்த மாடுகள் எங்கே மேயும்? மழை வருவதற்குள் பாதி எலும்பாகிவிடும். வீட்டில் சாவு விழுந்தால் குழி வெட்ட ஆள் வராது.

ஷிஜா பார்த்ததைச் சொன்னான். குளம்புத் தடம், அடைத்த வேலி, என் புருஷனின் கை. கடைசியில் ஒரு நொடி தயங்கிவிட்டு, கபுலா அக்கா ஒரு தடத்தின் மேல் கால் வைத்து மறைத்ததையும் சொன்னான். கூட்டம் சலசலத்தது.

மடுஹு என் புருஷனிடம் கேட்டார். கேள்வி விறுவிறுவென்று வந்தது, பதிலுக்கு இடமே விடவில்லை. மாடு உன் காவலில் இருந்ததா? இருந்தது. உள்ளே போனதா? போனது. இது முதல் தடவையா? இல்லை. ஊருக்குச் சொன்னாயா? சொல்லவில்லை.

ஷிஜா குறுக்கிட்டு, மாடு யாருடையது என்று கேட்க வேண்டாமா, மாட்டுக்காரருக்கும் பாதித் தண்டனை உண்டே, அது சட்டத்தில் இருக்கிறதே என்றான்.

மடுஹு கையை உயர்த்தினார். "காவல் மாட்டுக்குப் பேர் கேக்கறது நம்ம வழக்கமில்ல, தம்பி. அது ஆம்பளைங்க மானம். லுஹெண்டே சொல்லவும் மாட்டான், நானும் கேக்க மாட்டேன். அவனே சுமக்கட்டும்."

லுஹெண்டே தலையாட்டினார். "மாடு என் காவல்ல இருந்தப்போ போச்சு. தப்பு என்னுது" என்றார்.

இவ்வளவுதான் அவர் பேசியது. எனக்காகவோ, வீட்டுக்காகவோ ஒரு வார்த்தை கூடுதலாக இல்லை. யாருக்காக இந்த ஆள் வாயை மூடிக்கொண்டு எங்களைக் கிணற்றில் தள்ளுகிறார்? நான் மேற்குப் பக்கத்து ஆண்களைப் பார்த்தேன். ஒருவன்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. காலால் மண்ணைக் கீறுகிறான் ஒருவன், பல்குச்சியை உடைக்கிறான் ஒருவன். அவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். எனக்கும் கிழக்குப் பக்கத்துக்கும் மட்டும் தெரியாது.

மடுஹு எழுந்து தீர்ப்பைச் சொல்ல வாயெடுத்தார். நானும் எழுந்தேன்.

"நான் காவல் படையில ஒருத்தி. எனக்கும் பேச முறை இருக்கு" என்றேன். "எங்க வீட்டுக்காரர் வாயைத் திறக்கக் கூடாது, அது வழக்கம். ஒத்துக்கறேன். மாடு வழக்கத்துக்குக் கட்டுப்பட்டதா?"

ஷிஜா சிரித்துவிட்டான்.

"அந்தச் சிவப்புப் பசுவுக்குக் கன்னு மேற்கால இருக்கு. அது காட்டுக்குள்ள போனது புல்லுக்காக இல்ல, வீட்டுக்குப் போக. நடுவுல காடு இருக்குது, அவ்வளவுதான். அதைக் காட்டோட மேற்கு வாசல் வரைக்கும் வண்டிப்பாதையில கயித்துல பிடிச்சிட்டுப் போவோம், துளிர்ச் செடி மிதிபடாது. அங்க அவுத்து விடுவோம். அது எந்தப் பட்டியில போய் நிக்குதுன்னு ஊரே பாக்கட்டும்."

என் புருஷன் என் பக்கம் திரும்பினார். அன்று முதல்தடவையாக அவர் முகத்தில் ஏதோ அசைந்தது. பயம். மின்சா வீட்டைக் காட்டிக்கொடுத்துவிடுவேன் என்ற பயம் என்றே நான் நினைத்தேன். அந்த நொடி எனக்கு ஊர்விலக்கு பெரிதாகத் தெரியவில்லை. அந்தப் பசு மின்சா வீட்டு வாசலில் போய் நிற்பதை நான் பார்க்க வேண்டும். பார்த்தே ஆக வேண்டும்.

"மாடு எங்க வேணா போகும்" என்றார் மடுஹு. "நாளைக்கு ஆடு சாட்சி சொல்லும், நாளான்னிக்குக் கோழி சொல்லும். ஊர்க்கூட்டமா இது, இல்ல சந்தையா?"

அவர் சொன்னது சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் அவசரமாகச் சொன்னார். கேள்வி கேட்கும்போது இருந்த அதே அவசரம். ஷிஜாவும் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

"எங்க வேணா போகும்னா அவுத்து விடறதுல நமக்கு என்ன நட்டம், தளபதி?" என்றான்.

கிழக்குப் பக்கம் முழுக்க எழுந்துவிட்டது. கூட்டம் எழுந்த பிறகு தளபதி உட்கார்ந்திருக்க முடியுமா?

*

மேற்கு வாசலில் ஷிஜா கயிற்றை அவிழ்த்தான். சிவப்புப் பசு நகரவில்லை. காதை மட்டும் முன்னும் பின்னும் ஆட்டியது. எங்களுக்குப் பின்னால் ஊரே நின்றது. யாரோ இருமினார்கள். மடுஹு எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றுகொண்டார், வழியை அடைப்பதுபோல. ஷிஜா மிகவும் மரியாதையாக, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க தளபதி, மாடு மிரளும்" என்றான்.

பசு நடந்தது. மற்ற இரண்டும் பின்னால்.

நேராக மின்சாவின் வீடு. பசு வாசலில் நின்றது. குனிந்தது. அங்கே கொட்டியிருந்த சோள உமியை முகர்ந்து, நக்கித் தின்ன ஆரம்பித்தது. கூட்டத்தில் ஒருத்தி "ம்ம்" என்றாள். எல்லார் கண்ணும் மின்சா மேல் போய், அங்கிருந்து என் மேல் வந்து, என் புருஷன் மேல் போய் நின்றது. மின்சா அசையவில்லை. அவள் உதடு மட்டும் இறுகியிருந்தது.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். கிடைத்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்போது தூரத்தில் ஒரு கன்று கத்தியது.

பசு வாயில் உமியோடு தலையைத் தூக்கியது. அடிவயிற்றிலிருந்து ஒரு பெரிய குரல் கொடுத்தது. பிறகு ஓடியது. எங்கள் மாடுகள் திமில் குலுங்க அப்படி ஓடி நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். மின்சா வீட்டைத் தாண்டி, அடுத்த வீட்டைத் தாண்டி, சோளத் தட்டை நிலத்தைத் தாண்டி, கடைசியில் இருந்த பெரிய பட்டியின் வாசல் கட்டையில் போய் நெஞ்சால் முட்டி நின்றது. உள்ளேயிருந்து ஒரு சிவப்புக் கன்று, நெற்றியில் அதே வெள்ளைத் திட்டோடு, கட்டைக்கு நடுவில் தலையை நுழைத்து மடியைப் பிடித்துக்கொண்டது.

அது மடுஹுவின் பட்டி.

சத்தம் கேட்டு வீட்டுக்குள்ளிருந்து அவர் மனைவி லிமி வந்தாள். கால் வீங்கியவள், கூட்டத்துக்கு வரவில்லை. ஊரே வாசலில் நிற்பதை அவள் பார்க்கவே இல்லை. பசுவை மட்டும் பார்த்தாள். கிட்டப் போய், அதன் நெற்றியைத் தொட்டு, காதைத் தொட்டு, பிளந்த குளம்பைக் குனிந்து பார்த்தாள்.

"மல்கியா" என்றாள். "நீ செத்துட்டேன்னாரேடி."

முன்னால் நின்றவர்கள் மடுஹுவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் நிமிர்ந்து புருஷனைத் தேடினாள். "உண்ணி மருந்துல முக்கறதுக்குன்னு மூணையும் ஓட்டிட்டுப் போனீங்க. காய்ச்சல்ல போயிடுச்சு, அங்கயே பொதச்சுட்டேன்னீங்க. நாலு நாள் நான் சோறு திங்கல. இந்தக் கன்னுக்குக் கஞ்சி ஊத்தி ஊத்தி வளர்த்தேன். இது யாரு?"

"மாடு மாதிரி மாடு இருக்கும்" என்றார் மடுஹு. அந்தக் கனத்த குரல் எங்கே போனதோ.

"மாடு மாதிரி மாடு இருக்கும். கன்னு தப்பா குடிக்குமா?" என்றாள் லிமி.

அதற்கு அப்புறம் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பத்து மாட்டுச் சட்டத்தை எழுதியவர் வீட்டில் பதின்மூன்று. ஊருக்கும் தெரியக் கூடாது, வீட்டுக்கும் தெரியக் கூடாது. காடு திறந்ததும், பத்து நிரம்பாத என் புருஷன் கணக்கில் அவருடைய மாடும் மேயும். கன்றையும் சேர்த்து ஓட்டியிருந்தால் பசு எங்கள் பட்டியிலேயே படுத்துக் கிடந்திருக்கும். ஆனால் செத்துப்போன மாட்டுக்குக் கன்றை அனுப்ப எந்த மனைவியிடம் கேட்பது?

ஷிஜா அவர் முன்னால் போய்க் கையை நீட்டினான். மடுஹு கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தார். பிறகு கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி அதில் வைத்தார்.

கூட்டம் அங்கேயே, அந்தப் பட்டி வாசலிலேயே உட்கார்ந்தது. மேற்குப் பக்கத்து ஆண்களுக்கு இப்போது வாய் வந்துவிட்டது. எனக்கும் தெரியும், எனக்கும் தெரியும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மடுஹுவுக்கு ஊர்விலக்கு. ஒரு காளையை அறுத்து ஊருக்குச் சோறு போட்டுவிட்டுத்தான் திரும்ப வரலாம். வீட்டுக்கே விலக்கு என்று ஒருவர் இழுத்தபோது நான் எழுந்தேன். ஏமாந்தவளுக்கு எதற்கு விலக்கு, நெருப்புக் கேட்டு லிமி வந்தால் நான் கொடுப்பேன், வேண்டுமானால் என்னையும் சேர்த்து விலக்குங்கள் என்றேன். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. லிமி அதைக் காதில் வாங்கினாளா என்றே தெரியவில்லை. பட்டிக் கட்டையை இழுத்துப் பசுவை உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள்.

என் புருஷனுக்கும் தண்டனை உண்டு. மாடு புகுந்ததை மறைத்ததற்காகக் கிழக்கு வேலி முழுவதையும் அவர் கள்ளி நட்டு அடைக்க வேண்டும், மிதிபட்ட துளிர்களை அடுத்த மழை வரை காக்க வேண்டும். தடத்தை மிதித்தவளுக்கும் அதில் பாதி என்றான் ஷிஜா, தளபதியின் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. நியாயம்தான்.

*

வேலி வேலை மறுநாளே தொடங்கியது. அவர் குழி தோண்ட, நான் கள்ளிக் குச்சிகளை வரிசையாக நட்டேன்.

பிறகு அவராகவே சொன்னார். இரண்டு முறை மடுஹுவிடம் போய் மாட்டைத் திரும்ப எடுத்துக்கொள் என்று கேட்டிருக்கிறார். மின்சாவின் அப்பா வீட்டுப் பின்னால்தான் சந்திப்பு. காடு திறக்கட்டும், கொஞ்சம் பொறு என்று ஒவ்வொரு தடவையும் அதே பதில். மின்சா அதைக் கேட்டிருக்கிறாள். பார்த்தவளும் சொல்லக் கூடாதே, அதனால் அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"ஒரு பயலும் இனிமே என் பட்டிக்கு மாடு விட மாட்டான்" என்றார்.

"நீங்க பேர் சொல்லலையே. ஊரை விட்டு ஒதுக்கப் போறாங்கன்னு தெரிஞ்சப்பவும் சொல்லலையே. இதைவிட நல்ல பட்டி எங்க கிடைக்கும்?"

அவர் மண்வெட்டியை ஊன்றி நின்றார். சிரிப்பு வரும்போல இருந்தது, வரவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்குச் சந்தேகம்.

"கபுலா, ஒன்னு கேக்கறேன். அந்த மாட்டை அவுத்துவிடச் சொன்னியே. அது எந்த வீட்டு வாசல்ல போய் நிக்கும்னு நெனச்ச?"

குனிந்து ஒரு கள்ளிக் குச்சியை எடுத்து, குழியில் நிறுத்தி, மண்ணைத் தள்ளி மிதித்தேன்.

"என்கிட்டயும் ஒரு பேரு காவல்ல இருக்கு" என்றேன். "கேக்கறது வழக்கமில்ல. அடுத்த குழியத் தோண்டுங்க."